எல்லாரும் ஊதட்டும்

என் வீட்டுக்காரர் கரன்ட் ஆபீஸில் புகார் போன் எடுக்கிறவர். எங்கள் பகுதியில் எங்கே விளக்கு அணைந்தாலும் முதல் திட்டு அவர் காதில்தான் விழும். பாதிச் சமையலில், பாதிக் குளியலில் மாட்டிக்கொண்ட ஜனங்கள் போனைப் போட்டுக் கத்துவார்கள். இவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ நலம் விசாரிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் கொட்டி முடித்த பிறகு, "மீட்டர் நம்பர் சொல்லுங்க" என்பார். அதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வார்த்தைகள் குழைந்து வரும். எதிர்முனையில் உடனே அடுத்த சுற்று ஆரம்பிக்கும்.

"பட்டப்பகல்ல குடிச்சிட்டு டியூட்டியில உக்காந்திருக்கியா?"

"இல்லைங்க. மீட்டர் நம்பர் சொல்லுங்க."

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். "இவர் ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள லைன்மேன் போய் சரி பண்ணிட்டே வந்துடுவான்" என்று ஆபீஸில் கேலி பேசுவார்கள். இவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் மற்றவர்கள் போனை எடுத்தால் சண்டையில் முடிகிறது, இவர் எடுத்தால் வேலையில் முடிகிறது என்பது அதிகாரிக்கும் தெரியும். அதனால் யார் எங்கே மாற்றலாகிப் போனாலும் அந்த நாற்காலியிலிருந்து இவரை மட்டும் எழுப்புவதில்லை.

பிறக்கும்போது மூச்சு வரத் தாமதமானதில் இவர் மூளையில் ஒரு சின்ன இடம் அடிபட்டுப்போனது. பெருமூளை வாதம் என்று டாக்டர்கள் எழுதுகிறார்கள். புத்திக்கு ஒரு குறையும் இல்லை. கைகாலும் நாக்கும்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. நடக்கும்போது இடது கால் ஒரு பக்கம் இழுக்கும், வலது தோள் மறுபக்கம் போகும், தலை நடுவில் நின்று இரண்டுக்கும் சமாதானம் பேசும். ஆனாலும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். என்னைப் பெண் கேட்டு வந்ததும் அப்படித்தான், தனியாக. என் அப்பாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதைச் சொல்லி முடிக்கும்வரை அப்பா குறுக்கே பேசவில்லை. பிடித்துப்போய்ச் சம்மதித்தாரா, இவ்வளவு பாடுபட்டுச் சொன்ன மனிதனிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். வேன் ஓட்டுகிற பொம்பளைக்கு வாய் இல்லாவிட்டால் வண்டி நகராது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இவருக்குக் கோபம் எங்கே இருக்கிறது என்று இத்தனை வருஷமாகத் தேடுகிறேன். இவர் பேச்சை இந்தக் கதையில் நான் நேராக எழுதுகிறேன். கேட்கிறவர்களுக்கு அது அவ்வளவு நேராக வராது, நிறுத்தி நிறுத்தித்தான் வரும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவருக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கை. அண்ணன் தரையில் டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. அண்ணன் தம்பி இருவரையும் தெருவில் சேர்த்துப் பார்த்தவர்கள் ஒருவரும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை. அண்ணன் ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பார். எவ்வளவு ஏற்றினாலும் நூல் பிடித்த மாதிரி நேராக நடப்பார். தரையோடு பழகிய தொழில் அப்படி. இவரோ ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்ததில்லை. கடையிலிருந்து அண்ணனைக் கூட்டிவரப் போவது இவர்தான். வழியில் பார்க்கிறவர்கள் அண்ணனைப் பிடித்து, "தம்பிக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லக் கூடாதா?" என்று கேட்பார்கள். அண்ணன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "எவ்வளவோ சொல்லிட்டேங்க, கேக்கமாட்டேங்கறான்" என்பார். வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வருவார்கள். கதவைத் திறக்கிற எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியாது.

பிறகு அண்ணன் குடியை விட்டார். பெரிய வேலைகள் கிடைக்கிற தூரத்து நகரத்துக்குக் குடும்பத்தோடு போனார். நன்றாக இருந்த நேரத்தில்தான் அந்த நோய் வந்தது. ரத்தப் புற்றுநோய். மருந்துக்கு அடங்குகிற மாதிரி இருந்தது, திரும்பவும் தலைதூக்கியது. எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையையே மாற்றினால்தான் பிழைப்பார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள், தங்கை என்று எல்லாருடைய ரத்தத்தையும் பார்த்தார்கள். முழுசாகப் பொருந்தியது இவருடையது மட்டும்தான்.

இவரை ரயிலில் கூட்டிப்போய் அந்த ஆஸ்பத்திரியில் தலை முதல் கால்வரை பரிசோதனை செய்து வந்தோம். எல்லாம் பார்த்து முடித்த டாக்டர், "உங்க குடும்பத்துலயே இவ்வளவு ஆரோக்கியமான ஆள் நீங்கதான் சார்" என்றார். இவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் அண்ணனுக்குக் கடுமையான மருந்து ஏற்றுவார்கள். அவருடைய சொந்த மஜ்ஜை முழுவதையும் அந்த மருந்து அழித்துவிடும். அதன் பிறகு தம்பியின் மஜ்ஜை போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். போகாவிட்டால் அண்ணன் இல்லை. இதை டாக்டர் எங்களை உட்கார வைத்துத் தெளிவாகச் சொல்லியிருந்தார். நாங்கள் வசதியாக முன்கூட்டியே போய்ச் சேர்கிற மாதிரி ரயிலில் இடம் எடுத்து வைத்திருந்தோம்.

மருந்து ஏற்றி முடித்தாயிற்று என்று என் ஓரகத்தி போன் செய்தாள். அதே நாளில் மழை தண்டவாளத்தை அரித்துக்கொண்டு போனது. ரயில் ரத்து. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இவர்தான் நிதானமாக, "பிளேன்ல போவோம்" என்றார். அந்த நகரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம். மறுநாள் மதியம் கிளம்புவதில் இடம் கிடைத்தது. இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம்.

விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கிற கவுன்டரில், சக்கர நாற்காலி வேண்டும் என்று நான் கேட்டேன். இவரால் நடக்க முடியும். ஆனால் அந்தக் கட்டடத்தின் நீளத்தைப் பார்த்தபோது எனக்கே மூச்சு வாங்கியது.

கவுன்டர் பெண், "உதவி வேணும்னா ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும் மேடம்" என்றாள்.

"ரெண்டு நாள் முன்னாடி எங்களுக்கு ரயில் ஓடும்னு சொல்லியிருந்தாங்கம்மா."

அவள் சிரித்தாள். நல்ல பெண்தான். "அந்த பெஞ்சுல உக்காருங்க. ஆள் வருவாங்க" என்றாள்.

உட்கார்ந்தோம். எதிரே சுவரில், பாதியை ஒரு பூந்தொட்டி மறைத்திருக்க, பயணிகளின் உரிமைகள் என்று பொடி எழுத்தில் ஒரு பலகை இருந்தது. இவருக்கு எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் படித்தாக வேண்டும். பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தைக்கூட விடமாட்டார். எழுந்து போய்த் தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டு முழுசாகப் படித்தார். உடல் ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஏற்றாமல் விடக் கூடாது, அப்படி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் போட்டிருந்ததாக வந்து சொன்னார். முன்னாலேயே சொல்லாவிட்டாலும் முடிந்த உதவியைச் செய்ய வேண்டும் என்றும் இருந்ததாம். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. என் கண்ணெல்லாம் நாற்காலி தள்ளிக்கொண்டு யாராவது வருகிறார்களா என்பதில்தான் இருந்தது.

வரவே இல்லை. மறுபடி போய்க் கேட்டேன். அந்தப் பெண் போனில் யாரையோ கூப்பிட்டாள், பதில் இல்லை. நேரமாகிறது, நடந்துவிடலாம் என்று இவர் எழுந்தார். நடந்தோம். சோதனை முடிந்து, கடைகளைத் தாண்டி, வழவழவென்று பளபளக்கும் தரையில் முடிவே இல்லாமல் நடந்தோம். களைப்பு ஏற ஏற இவர் கால் இன்னும் இழுக்கும், பேச்சு இன்னும் குழையும். விமானம் ஏறும் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் சிவந்திருந்தது. வரிசை நீளமாக நின்றது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இவரை நாம் பிடிக்கக் கூடாது. இவர்தான் நம்மைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் தோளில் அவர் கை இருந்தால் மலை ஏறுவார். அவர் கையை நாம் பிடித்தால் தட்டையான தரையில் விழுவார். வரிசை ஓரத்தில் இவர் சாய்வதைப் பார்த்த காவலாளி ஓடிவந்து, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, முழங்கையைக் கெட்டியாகப் பிடித்தார். அவ்வளவுதான். இவர் சுழன்று போய்க் கயிறு கட்டிய கம்பத்தில் மோதினார். கம்பம் தடாலென்று சாய்ந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

டிக்கெட்டைச் சரிபார்க்கிற பெண் இவரை மேலும் கீழும் பார்த்தாள். இவர் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். வெளியே வந்த குழறலைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. "சார், நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். நீலக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். வந்ததும் என்னிடம் கேட்டார்.

"மேடம், சார் எவ்வளவு குடிச்சிருக்கார்?"

"ரெண்டு டம்ளர் காபி. சர்க்கரை கம்மியா" என்றேன்.

"என்கிட்ட கேளுங்க" என்றார் இவர்.

கோட்டுக்காரர் இவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் மாற்றுத்திறனாளி அட்டையை எடுத்து நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "கார்டு வச்சிருக்கறவங்க குடிக்க மாட்டாங்கன்னு இல்லையே மேடம். எனக்கு மத்த பயணிங்களோட பாதுகாப்பும் முக்கியம்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேனில் இருந்திருந்தால் ஹாரனை அமுக்கிய கையை எடுத்திருக்க மாட்டேன்.

"அவர் அண்ணன் அங்க உயிருக்குப் போராடிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

இவர் என் தோளில் வைத்திருந்த கையை அழுத்தினார். "அதைச் சொல்லாத" என்றார். "ஊர் சுத்திப் பாக்கப் போனாலும் இதே டிக்கெட்தான்."

பிறகு கோட்டுக்காரரைப் பார்த்து, கரன்ட் போன வீட்டுக்காரரிடம் மீட்டர் நம்பர் கேட்கிற அதே குரலில் சொன்னார். "ஏத்த மாட்டீங்கன்னா அதை எழுதிக் குடுங்க. காரணத்தையும் எழுதுங்க. உங்க போர்டுலயே அப்படித்தான் போட்டிருக்கு."

இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அவருக்குப் புரிந்தது. எழுதுவது என்று வந்ததும் கோட்டுக்காரர் கொஞ்சம் இறங்கினார். "எதுக்கு சார் எழுத்து அது இதுன்னு. எங்ககிட்ட ஊதற மெஷின் இருக்கு. ஒரு ஊது ஊதிடுங்க, ஒண்ணுமில்லைன்னா ஏறிடுங்க. பைலட்டே ஊதிட்டுத்தான் ஏறறாங்க."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாடா, ஊதிவிட்டு ஏறிவிடலாம். ஒரு சொட்டுத் தொடாத மனிதனுக்கு என்ன பயம்?

இவர் கேட்டார். "பைலட் எல்லாரும் ஊதறாங்களா, தள்ளாடறவங்க மட்டுமா?"

"எல்லாரும்தான் சார். அதான் ரூல்."

"அப்ப இங்கயும் எல்லாரும் ஊதட்டும். வரிசையில முதல் ஆள்லேருந்து ஆரம்பிங்க. என் முறை வரும்போது நானும் ஊதறேன்."

கோட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி. வரிசையிலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. எங்களுக்குப் பக்கத்தில், சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் நின்றிருந்தார். அவர் மாடியிலிருந்த பாரிலிருந்து இறங்கி வந்ததை வரும் வழியில் நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் சொன்னார். "ஊதிட்டுப் போங்களேன் சார். ஒரு நிமிஷ வேலை. எங்களுக்கும் நேரமாகுதில்ல."

"நீங்க முன்னாடி நிக்கறீங்க. நீங்க முதல்ல ஊதுங்க" என்றார் இவர்.

அந்த மனிதர் முகத்தில் ஈ ஆடவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் சில பேர் சட்டென்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் பையைத் துழாவி மிட்டாய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வரிசையின் மனசே மாறிவிட்டது. "பாவம், அவரை எதுக்குப் போட்டு வதைக்கறீங்க, ஏத்தி விடுங்க" என்று முதலில் குரல் கொடுத்தவரே அந்த மடிப்புச் சட்டைதான். இரக்கமாம். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. கோட்டுக்காரர் இப்போது வீம்பில் இறங்கிவிட்டார். மற்றவர்களை ஏற்ற ஆரம்பிக்கச் சொன்னார். வரிசை நகர்ந்தது. மடிப்புச் சட்டை நூல் பிடித்த மாதிரி நடந்து உள்ளே போனார். ஒவ்வொருவராக உள்ளே போகப் போக நான் மிச்சமிருந்த தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே அண்ணன் கண்ணாடி அறைக்குள் வெறும் எலும்போடு படுத்திருக்கிறார். சொந்த மஜ்ஜை என்று ஒன்றும் மிச்சமில்லை. இந்த விமானத்தை விட்டால் அடுத்தது நாளைக்கு. அதற்குள் அவருக்கு ஒரு சின்னக் காய்ச்சல் வந்தால் போதும். என் ஓரகத்தியின் முகம் கண் முன்னால் நின்றது.

நான் இவர் காதில் சொன்னேன். "ஊதித் தொலைங்களேன். உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இப்ப இது முக்கியமா?"

"பொறு" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பணிந்து போகச் சொல்கிறேன், இவர் மாட்டேன் என்கிறார். தலைகீழாக ஆகிவிட்டது. இவர் மேல் எனக்கு வந்த கோபம் அந்தக் கோட்டுக்காரர் மேல்கூட வரவில்லை. அண்ணன் உயிரைவிட இவருக்கு ரோஷம் பெரிதாகிவிட்டதா என்று நினைத்தேன். அண்ணனுக்கு ஏதாவது ஆனால் இந்த மனிதனோடு ஒரே வீட்டில் இருக்க முடியுமா என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைக்க எனக்குத் தெரியாது. எல்லாம் முகத்தில்தான் நின்றிருக்கும்.

வரிசை தீர்ந்துபோனது. வாசலில் நாங்களும் அவர்களும்தான். "கடைசியா கேக்கறேன் சார், ஊதறீங்களா?" என்றார் கோட்டுக்காரர்.

"எழுதிக் குடுங்க" என்றார் இவர்.

கோட்டுக்காரர் ஒரு தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார், மூடினார். ஒரு பயணியை ஏற்றாமல் விட்டதாக எழுத வேண்டுமானால் விமானத் தலைவரின் கையெழுத்தும் வேண்டுமாம். கையிலிருந்த வாக்கி-டாக்கியில் உள்ளே பேசினார். உள்ளேயிருந்து என்ன பதில் வந்ததோ, அவர் முகம் சுருங்கியது. சற்று நேரத்தில் அந்த நீளக் குழாய் மாதிரியான வழியிலிருந்து, தலைமுடியைக் கத்தரித்து விட்ட, நடு வயது கடந்த ஓர் அம்மா வேகமாக நடந்து வந்தார். தோளில் பட்டைகள். அவர்தான் விமானம் ஓட்டுகிற கேப்டன்.

"என்ன விஷயம்?"

கோட்டுக்காரர் ஆரம்பித்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார்."

இவர் சொன்னார். "எனக்குப் பொறந்ததுலேருந்து நடையும் பேச்சும் இப்படித்தான். குடிச்சிருக்கேன்னு நிறுத்தி வச்சிருக்காங்க. ஏத்த மாட்டோம்னா அதை எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். ஊதணும்னா எல்லாரும் ஊதட்டும்னு சொன்னேன். உங்களை மாதிரி."

இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். களைப்பில் இரண்டு இடத்தில் சிக்கி நின்றார். கதவைச் சாத்த வேண்டிய நேரம். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை. இவர் வாயையே பார்த்துக்கொண்டு கடைசி எழுத்துவரை நின்றார்.

பிறகு கோட்டுக்காரரிடம் கேட்டார். "காரணம்னு என்ன எழுதப் போறீங்க? இவர் நடக்கற விதம் பிடிக்கலைன்னா?"

"இல்ல கேப்டன், பாதுகாப்பு..."

"இவரால என் பிளேனுக்கு என்ன ஆபத்து? அதைச் சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

கோட்டுக்காரர் அந்தத் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். அந்த அம்மா இவர் பக்கம் திரும்பி, "எப்படி உதவி பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றார்.

"தோளைக் குடுங்க. கையைப் பிடிக்காதீங்க."

கேப்டன் தன் தோளைக் கொடுத்தார். பட்டைகள் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு இவர் நடந்தார். பின்னால் பைகளைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். இருக்கையில் உட்கார்ந்த பிறகு கோட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்கிட்டது நீங்க" என்றார் இவர். "நாங்க கேட்ட நாற்காலி வந்திருந்தா இவ்வளவும் நடந்திருக்காது. அடுத்த ஆளுக்காவது அனுப்புங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அனுப்பினாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் இறங்கிய ஊரில், விமானக் கதவை ஒட்டியே ஒரு சக்கர நாற்காலி காத்திருந்தது. கேப்டன் சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது. தள்ள வந்த பெரியவர், "உக்காரலாமாங்க?" என்று இவரிடமே கேட்டார். இவர் ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கடைகளை வேடிக்கை பார்த்தபடி வந்தார். நான்தான் வழி நெடுக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

மறுநாள் காலையில் வேலையை ஆரம்பித்தார்கள். கையில் ஊசி குத்தி, இயந்திரத்தோடு இணைத்து எடுக்கிற முறையும் இருக்கிறது. அதற்கு மணிக்கணக்கில் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். இவர் கை யார் பேச்சைக் கேட்டது? அதனால் மயக்கம் கொடுத்து, குப்புறப் படுக்க வைத்து, இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். கருஞ்சிவப்பாக ஒரு பை. நர்ஸ் அதைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள்.

அந்த மஜ்ஜை அண்ணன் உடம்பில் ஒட்டிக்கொண்டதா என்று தெரிய வாரங்கள் ஆயின. ஆனால் உங்களைத் தவிக்க விடுவதில் எனக்கு விருப்பமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒட்டிக்கொண்டது. அண்ணன் இருக்கிறார். திரும்பவும் தரை மட்டம் பார்க்கிறார், கூட வேலை செய்கிறவர்களைத் திட்டுகிறார். இப்போது அவர் உடம்பில் ஊறுவது தம்பியின் ரத்தம்.

நான் சொல்ல வந்தது அன்றைக்கு மதியம் நடந்தது. இவருக்கு மயக்கம் தெளிந்தது. கண்ணைத் திறந்ததும் முதல் கேள்வி, "போயிடுச்சா?"

"ஏறிட்டிருக்கு. உங்க அண்ணி கண்ணாடிக்கு வெளியில நின்னு பாத்துட்டிருக்காங்க."

கண்ணை மூடிக்கொண்டார். கண் ஓரத்தில் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. இவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்ததைக் கேட்டே விட்டேன்.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. அந்தம்மா வரலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஊதியிருப்பேன்."

"ஊதியிருப்பீங்களா?"

"கதவைச் சாத்தறேன்னு கையை வச்சிருந்தா ஊதியிருப்பேன்" என்றார். மயக்கம் முழுசாகப் போகாத நாக்கு. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. "ஊதச் சொன்னா ஊதியிருப்பேன். உருளச் சொன்னா உருண்டிருப்பேன். அண்ணன் இங்க படுத்திருக்கார். அதுக்கு முன்னாடி எனக்கு மானமாவது ரோஷமாவது."

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் அங்க செத்துப் பொழைச்சேங்க."

"உன்கிட்ட சொல்லியிருந்தா, கடைசியில நான் ஊதிடுவேன்னு உன் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பாங்க. கதவு சாத்தற வரைக்கும் சும்மா நின்னிருப்பாங்க. நான் ஊதித்தான் ஏறியிருக்கணும்."

நேற்று அந்த வாசலில் இவரைப் பற்றி நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பது இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதையும் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடிக்கக் கை ஓங்கினேன். எங்கே அடிப்பது, இடுப்பு முழுக்கக் கட்டு. ஓங்கிய கையை அவர் தலையில் வைத்துக்கொண்டு, வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.